அடுத்த வீட்டுச் சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து வீடு அரைத் தூக்கத்தில் இருக்கிற நேரம். ஏதோ ஒரு ஹிந்தி சேனலில் 'படோஸன்' ஓடுகிறது. மாட்டுங்காவிலோ கரோல்பாக்கிலோ கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கமோ ஒரு தமிழ் வீடு. வெற்றிலைக் குதப்பலோடு கிஷோர் குமார் கண்ணை உருட்டுகிறார். தாத்தா முதல் பேத்தி வரை எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுத்து, குடுமியும் வேட்டியுமாக மெஹ்மூத் வருகிறார். மாஸ்டர் பிள்ளை, பாட்டு வாத்தியார். வாயைத் திறந்தால் ஓர் 'அய்யோ'. தாத்தா இன்னும் பெரிதாகச் சிரிக்கிறார். அப்பா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் அந்த 'அய்யோ'வை முதுகுக்குப் பின்னால் கேட்டு வளர்ந்தவர் அவர்தான். பேத்தி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

1968ல் வந்த ஒரு படம் இன்னமும் ஒரு கூடத்தை இப்படி இரண்டாகப் பிரிக்க முடிகிறது. படத்தில் தொடங்கிய அந்த 'அய்யோ' பிறகு தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்து அரைமணி நேர நகைச்சுவைத் தொடர்களில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஆனால் எல்லாத் தொடர்களிலும் அல்ல. எவற்றுக்கு அது தேவைப்பட்டது, எவற்றுக்குத் தேவைப்படவில்லை என்று பார்த்தால் நல்ல காமெடிக்கும் சோம்பேறி காமெடிக்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு பிடிபடுகிறது.

2025 அக்டோபரில் சதீஷ் ஷா காலமானபோது பலரும் தேடிப் போய்ப் பார்த்தவை பழைய தொடர்களைத்தான். 1984ல் தூர்தர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' வந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் தெரிந்ததே ஒரே சேனல்தான். எழுதியவர் ஹிந்தி நையாண்டி எழுத்தாளர் சரத் ஜோஷி. இயக்கியவர்களில் ஒருவர் குந்தன் ஷா. அதற்கு முந்தைய ஆண்டுதான் 'ஜானே பீ தோ யாரோ'வில் சதீஷ் ஷாவைப் பிணமாக நடிக்கவைத்து நாட்டையே சிரிக்கவைத்தவர். தொடரில் ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் கணவன் மனைவி. ராகேஷ் பேடி வேலையில்லாத மைத்துனன். சதீஷ் ஷா மட்டும் வாரத்துக்கு ஓர் ஆள். வேறு மீசை, வேறு நடை, வேறு பேச்சு. இந்த வாரம் கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். வேறொருவர் வருவார், அவரும் இவரே. பேச்சுவழக்கை வைத்து விளையாடினாலும் அந்த விளையாட்டு கசக்கவில்லை. காரணம் எளிது. வாரா வாரம் எல்லோருடைய முறையும் வந்தது. கேலிக்கென்று ஒரே ஆளை நேர்ந்துவிடவில்லை.

கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இருக்காது. விருந்தாளி வருவார், போகமாட்டார். மேலதிகாரிக்கு ஒரு பொய் சொல்லவேண்டியிருக்கும். அதைக் காப்பாற்ற இன்னும் நான்கு பொய்கள். நம் ஊர் சபா நாடகங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் தூர்தர்ஷன் அதுவரை குடும்பத்தைக் காட்டியபோதெல்லாம் கூடவே ஒரு பாடமும் நடத்தியது. இந்தத் தொடர் பாடம் நடத்தவில்லை.

1993ல் மெட்ரோ சேனலில் வந்த 'தேக் பாய் தேக்' இந்த வகையில் இன்னும் ஒரு படி மேல். ஜெயா பச்சனின் நிறுவனம் தயாரித்து ஆனந்த் மஹேந்த்ரூ இயக்கியது. மொத்தம் 65 எபிஸோடுகள்தான். மும்பை புறநகரில் ஒரு பழைய வீடு, அதில் மூன்று தலைமுறை திவான் குடும்பம். நவீன் நிஷ்சல், ஃபரீதா ஜலால், சேகர் சுமன், பாவனா பல்சவர் எல்லோரும் ஒரே கூடத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு திரிவார்கள். அந்த வீட்டில் முட்டாள் என்று தனியாக ஒருவர் இல்லை. முட்டாள்தனம் ரேஷன் மாதிரி எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கும். 2020 ஊரடங்கின்போது தூர்தர்ஷன் அதை மறுபடியும் ஒளிபரப்பியபோது செட்டும் உடைகளும் பழசாகத் தெரிந்தன. ஆனால் ஃபரீதா ஜலால் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விடுகிற அழகு பழசாகவில்லை.

அதே சமயத்தில் திரும்பி வந்த 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யைப் பற்றி அவ்வளவு தாராளமாகச் சொல்ல முடியாது. அடுத்தடுத்த வீட்டில் இரண்டு தம்பதிகள், ஒவ்வொரு கணவனுக்கும் அடுத்தவன் மனைவி மேல் ஒரு கண். நகைச்சுவை இந்த ஒன்றுதான். வாரா வாரம் அதையே சூடுபண்ணிப் பரிமாறினார்கள். ஜதின் கனகியாவும் ரீமா லாகுவும் இல்லாவிட்டால் நான்காவது வாரமே ஊசிப்போயிருக்கும். போதாக்குறைக்கு டப்பாவில் அடைத்த சிரிப்புச் சத்தம். வசனம் பேசுபவர் வாயை மூடுவதற்குள் யாரோ ஐம்பது பேர் சிரித்துவிடுகிறார்கள். பார்ப்பவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவே இடமில்லை. (கணவன் மனைவி சண்டையை இதைவிட நுட்பமாகச் செய்ய முடியும் என்று தமிழிலேயே காட்டினார்கள்: 1998ல் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'. பார்க்காதவர்கள் தேடிப் பார்க்கலாம்.)

உச்சம் என்றால் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்'தான். 2004ல் ஸ்டார் ஒன் சேனலில் தொடங்கி 2006ல் முடிந்தது. ஒளிபரப்பானபோது அதற்குப் பெரிய கூட்டமில்லை. புகழெல்லாம் பிறகு வந்தது. தென் மும்பையின் கஃப் பரேடில் பணக்காரக் குஜராத்திக் குடும்பம். மாமியார் மாயாவாக ரத்னா பாடக் ஷா, மருமகள் மோனிஷாவாக ரூபாலி கங்குலி. மருமகளின் சொந்தப் பெயர் மனீஷா. அது 'மிடில் கிளாஸ்' பெயராகப் படுகிறது என்று மாமியார் ஓர் எழுத்தைத் திருத்தி மோனிஷா ஆக்கிவிட்டாள். ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயரையே மாற்றும் வழக்கம் எத்தனை சமூகங்களில் இருக்கிறது, அதைப் பற்றி எத்தனை கண்ணீர்த் தொடர்கள் எடுக்கலாம்! இவர்கள் ஓர் எழுத்தில் சிரிப்பாக்கிவிட்டார்கள், ஆனால் வலி மறையவில்லை. தள்ளுபடி விற்பனையில் வாங்கிய பக்கெட்டைப் பெருமையோடு காட்டும் மோனிஷாவும் தப்பமுடியாது. அதைப் பார்த்து மயக்கம் வருவதுபோல் புருவத்தை உயர்த்தும் மாயாவும் தப்பமுடியாது. நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கொளுத்திப் போடும் இந்திரவதனாக சதீஷ் ஷா. இருபது வருஷத்துக்கு முன் வாரம் ஒரு வேஷம் போட்டவர், இங்கே ஒரே சோபாவில் ஒரே ஆளாக உட்கார்ந்து சாதித்தார்.

இந்தத் தொடர்களில் சிரிப்பு வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. வெளியிலிருந்து ஒரு 'அய்யோ'வை வரவழைக்கவேண்டிய அவசியம் இவற்றுக்கு வரவில்லை.

வரவழைத்த தொடர்களும் உண்டு. 'தேக் பாய் தேக்' வந்த அதே 1993ல் அதே மெட்ரோ சேனலில் 'ஜபான் சம்பால்கே'. வேறு வேலை கிடைக்காமல் ஹிந்தி வாத்தியாராகிற எஞ்சினியர் வேடம் பங்கஜ் கபூருக்கு. வகுப்பில் மாகாணத்துக்கு ஒருவர்: சர்தார்ஜி, மராத்தியர், வெள்ளைக்காரராக டாம் ஆல்டர், கூடவே ஒரு தென்னிந்தியர். எல்லோரும் ஹிந்தியைக் கொலை செய்வார்கள், வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். இதன் மூலம் 1977ல் பிரிட்டனில் வந்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்'. அங்கே வகுப்பு, வந்தேறிகளுக்கான ஆங்கில வகுப்பு. கோமாளிகள் வரிசையில் ஒரு சீக்கியர், ஒரு பாகிஸ்தானியர், கம்பளி பின்னிக்கொண்டே இருக்கும் ஓர் இந்தியப் பெண்மணி. இன ரீதியான கேலி என்ற புகாரின் பேரில் அந்தத் தொலைக்காட்சியின் நிர்வாகியே 1979ல் அதை நிறுத்தினார். லண்டனில் இந்தியரின் இங்கிலீஷ் கேலிப்பொருளானது. அதே அச்சை இறக்குமதி செய்தபோது வெள்ளைக்காரர் உட்கார்ந்த வாத்தியார் நாற்காலியில் ஹிந்திக்காரர் உட்கார்ந்துகொண்டார். இந்தியர் உட்கார்ந்த பெஞ்சில் மற்ற மாகாணத்தார். இது பற்றி அப்போது யாரும் பெரிதாக முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. பங்கஜ் கபூரின் நடிப்பு அவ்வளவு நயமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

2008ல் ஸப் டிவியில் தொடங்கி நாலாயிரம் எபிஸோடுகளைத் தாண்டிவிட்ட 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா'வில் தமிழருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கோகுல்தாம் சொஸைட்டியில் குடியிருக்கும் கிருஷ்ணன் ஐயர் விஞ்ஞானி. மனைவி வங்காளப் பெண், அழகி. ஐயர் கறுப்பு, அடுத்த வீட்டு ஜேட்டாலாலுக்கு இந்த ஜோடிப் பொருத்தம் பொறுக்கவில்லை. குஜராத்தி நகைச்சுவை எழுத்தாளர் தாரக் மேத்தாவின் பத்தியில் பிறந்த ஜேட்டாலால் ஓர் அருமையான பாத்திரம். கடையில் நஷ்டம், அப்பாவிடம் பயம், மச்சானால் தொல்லை. திலீப் ஜோஷி அவனை உயிரோடு நிறுத்துகிறார். ஆனால் ஐயரிடம் வந்ததும் எழுதுபவர்களின் கை தளர்ந்துவிடுகிறது. இட்லி, கறுப்பு, 'அய்யோ' என்று மூன்றையும் கலைத்துக் கலைத்துப் போட்டால் ஒரு காட்சி. நடிப்பவர் தமிழரும் அல்ல, மராத்தியர். பாவம், அவரும் எத்தனை வருஷம்தான் அந்த மூன்று சீட்டுகளோடு ஆடுவார்?

இந்த ஐயரின் மூதாதைதான் மாஸ்டர் பிள்ளை. ஆனால் பிள்ளையின் விவகாரம் இவ்வளவு சுலபமாகத் தீராது.

'படோஸன்' கதை ஹிந்தியில் பிறந்ததல்ல. 1952ல் வங்காளத்தில் 'பாஷேர் பாடி' என்று வந்தது. அடுத்த வருஷமே தெலுங்கில் 'பக்க இன்டி அம்மாயி'. 1960ல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்': அஞ்சலி தேவி, டி.ஆர். ராமச்சந்திரன், தங்கவேலு, ஆதி நாராயண ராவ் இசை. பாட்டுப் பைத்தியமான அடுத்த வீட்டுப் பெண்ணைக் கவர, பாடத் தெரியாத காதலன் ஜன்னலில் நின்று வாயசைக்கிறான். நண்பன் மறைந்திருந்து பாடுகிறான். தமிழில் அந்த மறைந்த குரல் பி.பி. ஸ்ரீனிவாஸ். சினிமாவில் நடப்பது எல்லாமே இந்த ஏமாற்றுதானே? கதாநாயகன் வாயசைப்பான், பாடகர் பின்னால் இருப்பார். அந்தத் தொழில் ரகசியத்தையே கதையாக்கிச் சிரித்த படங்கள் இவை. அதனால்தானோ என்னவோ, மறைந்து பாடும் நண்பன் வேடத்துக்குப் பாடகர்களே ஆசைப்பட்டிருக்கிறார்கள். 1953 தெலுங்குப் படத்தில் ஏ.எம். ராஜா, ஹிந்தியில் கிஷோர் குமார், 1981ல் தெலுங்கில் மறுபடி எடுத்தபோது எஸ்.பி. பாலசுப்ரமண்யம்.

தமிழிலும் தெலுங்கிலும் இந்தக் கதைக்கு 'மதராஸி' என்ற வேடிக்கை தேவைப்படவில்லை, தேவைப்படவும் முடியாது. ஹிந்திக்குப் போனபோதுதான் காதலனுக்குப் போட்டியான பாட்டு வாத்தியார் தெற்கிலிருந்து வந்து சேர்ந்தார். வசனமும் பாட்டும் எழுதிய ராஜேந்திர கிருஷணுக்கும் தயாரிப்பாளர்களில் ஒருவரான மெஹ்மூதுக்கும் அதில் எவ்வளவு பங்கோ, பிள்ளைக்கு உயிர் கொடுத்தது மெஹ்மூத்தான். பெயர் பிள்ளை, ஆனால் குடுமியும் நெற்றிக்குறியும் நடையும் எந்த ஜில்லாவுக்கும் சொந்தமில்லை. விந்திய மலைக்குத் தெற்கே இருக்கிற எல்லாவற்றையும் ஒரே வேட்டியில் சுருட்டிக் கட்டியது போன்ற உருவம். அப்பா சிரிக்காததில் தப்பில்லை.

தாத்தா சிரிப்பதற்கும் காரணம் இருக்கிறது. மெஹ்மூத் யார் என்று அவருக்குத் தெரியும். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1966ல் 'ப்யார் கியே ஜா' ஆனபோது நாகேஷ் வேடம் மெஹ்மூதுக்கு. பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியை ஓம் பிரகாஷோடு அவர் அங்கே செய்தார். 'சர்வர் சுந்தரம்' ஹிந்தியில் 'மைன் சுந்தர் ஹூன்' ஆனபோதும் அவரே. 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யின் கண்டக்டர் 'பாம்பே டு கோவா'வில் (1972) ஏறியபோதும் டிக்கெட் கொடுத்தது அவரே. நாகேஷ் இரட்டை வேடத்தில் கலக்கிய பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி'யும் மெஹ்மூத் கையில் 'தோ ஃபூல்' ஆயிற்று. தமிழ் நகைச்சுவையை இத்தனை மூட்டை மூட்டையாக வடக்கே சுமந்துபோன இன்னொரு நடிகரைச் சொல்வது கடினம். எம்.எஸ். விஸ்வநாதனின் முத்துக் குளிக்கும் மெட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. 'தோ ஃபூல்' படத்தில் அதை எடுத்துப்போனபோது தமிழ்ச் சொற்கள் எந்த மொழியும் இல்லாத உளறலாகிவிட்டன. கோடிக்கணக்கான பேர் அதையே தமிழ் என்று நினைத்து முணுமுணுத்தார்கள். ரசிகரும் அவரே, சேதப்படுத்தியவரும் அவரே.

அதோடு, கணக்குப் பார்க்கத் தொடங்கினால் தமிழ் சினிமாவின் பேரேட்டையும் திறக்கவேண்டும். 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசும் வட்டிக்கடை சேட்டு இல்லாமல் எத்தனை காமெடி டிராக்குகள் தப்பின? டீக்கடை நாயர்? சௌகார்பேட்டையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து, வீட்டில் தடையில்லாமல் தமிழ் பேசும் மார்வாரிக் குடும்பத்தின் கூடத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கும். அங்கேயும் சேட்டு திரையில் வந்ததும் ஒரு அப்பா சிரிக்காமல் இருப்பார்.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 'படோஸன்' படத்தின் அந்தப் போட்டிப் பாட்டை மட்டும் ஒருமுறை கவனமாகப் பார்க்கலாம். இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் பிள்ளை, பக்கத்தில் சாய்ரா பானு. எதிர் ஜன்னலில் சுனில் தத், பின்னால் ஒளிந்து கிஷோர் குமார். இசை ஆர்.டி. பர்மன். கிஷோர் குமார் சாஸ்திரீய சங்கீதம் கற்றவரல்ல. பிள்ளைக்குக் குரல் கொடுத்த மன்னா டே முறையாகக் கற்றவர். படத்திலும் அப்படித்தான். பிள்ளைக்கு ஸ்வரம் தெரியும், தாளம் தெரியும், எதிராளி நடுவில் ஸ்வரத்தை மாற்றிக் குதிக்கும்போது அது தப்பாட்டம் என்று தெரியும். ஆட்சேபிக்கிறார், யாரும் கேட்கவில்லை. கதாநாயகனுக்கு ஒரு ஸ்வரமும் வராது, அவன் ஜெயிக்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்த மொத்தக் காட்சியில் தன் சொந்த வித்தையை நம்பி நிற்கிற ஒரே ஆள் குடுமி வைத்த மதராஸி. இதை எடுத்தவர்கள் உணர்ந்துதான் எடுத்தார்களா என்பது வேறு விஷயம். மெஹ்மூத் உணர்ந்திருக்கவேண்டும். தோற்கும்போது அவர் முகத்தில் கோமாளித்தனம் வடிந்து, ஒரு வாத்தியாரின் அவமானம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. 'ஜபான் சம்பால்கே'யும் கோகுல்தாமும் பிள்ளையிடமிருந்து 'அய்யோ'வை மட்டும் எடுத்துக்கொண்டன. சங்கீதத்தை அந்த ஜன்னலிலேயே விட்டுவிட்டன.

கற்ற பாடகர், கல்லாதவரிடம் பாட்டில் தோற்கவேண்டும் என்றபோது மன்னா டே சங்கடப்பட்டார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. எப்படியோ ஒத்துக்கொண்டு பாடினார். பாட்டின் கடைசியில் பிள்ளையின் குரல் திணறி, ஸ்ருதி நழுவி, மூச்சு முட்டும் இடம் இருக்கிறதே, அதை அடுத்த முறை தாத்தா கொஞ்சம் சத்தமாக வைக்கலாம்.